எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல "லாஸ் ஆஃப் லம்பார் லார்டோசிஸ்"னு வந்திருக்கு, எக்சர்சைஸ்ல சரியாகுமா?

பவர்டேபிள்_திருப்பூர்:
வணக்கம்ங்க எல்லாருக்கும். வயசு 36, பனியன் கம்பெனில டெய்லர், சாயறதுக்கு இடமில்லாத ஸ்டூல்ல உக்காந்து குனிஞ்சே தைக்கிற வேலை, ஷிப்மென்ட் டைம்னா ஒன்றரை ஷிப்ட்டும் ஓடும். கொஞ்ச மாசமா இடுப்பு வலி, காலைல எந்திரிச்சா இடுப்பு பலகை மாதிரி இறுகி கிடக்குது, வலது பக்கம் பிட்டத்துல இருந்து தொடை வரைக்கும் இழுக்குது. எம்ஆர்ஐல எல்4-எல்5 டிஸ்க் (கீழ் இடுப்பு எலும்பு ரெண்டுக்கு நடுவுல இருக்கிற மெத்தை மாதிரி பகுதி) லேசா பல்ஜ், மசில் ஸ்பாசம், அதுக்கும் மேல முதல் வரியே இடுப்பு வளைவு போயிருச்சுன்னு போட்டிருக்கு. டாக்டர் மாத்திரை குடுத்து பிசியோ பாக்க சொன்னார். சொந்தக்காரர் ஒருத்தர் பெல்ட் போட்டே இருன்றார், இன்னொருத்தர் முதுகுல ஏறி மிதிச்சு வளைவ வரவைக்கிற ஆள் இருக்காருன்னு கூப்பிடறார். போன வளைவு திரும்ப வருமா, என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிசியோ_கோவை:
அண்ணா, முதல்ல அந்த வரிய பாத்து பயப்படாதீங்க. எம்ஆர்ஐக்கு மல்லாக்க படுக்க வச்சு முட்டிக்கு அடில தலகாணி குடுப்பாங்க, அதுலயே இடுப்பு வளைவு தட்டையாயிரும். உண்மையான வளைவு நின்னுட்டு சைடுல எடுக்கிற எக்ஸ்ரேல தான் தெரியும். சாதாரணமா 40ல இருந்து 60 டிகிரின்னு சொல்வாங்க, அதுக்கு கீழ இருந்தும் வலியே இல்லாதவங்க நிறைய பேர். உங்க ரிப்போர்ட்லயே ஸ்பாசம்னு இருக்கு, முதுகுத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற தசை இறுகுனா வளைவு நேராயிரும், ஸ்பாசம் விட்டா பெரும்பாலும் அதுவும் தளரும்.

குப்புற படுத்து ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க. அப்புறம் முழங்கைய ஊனி நெஞ்ச மட்டும் தூக்கி அதே மாதிரி ரெண்டு நிமிஷம். அது பழகுனதும் உள்ளங்கைய ஊனி மேல எழுங்க, இடுப்பு தரையிலயே இருக்கணும், பிட்டத்த இறுக்காம தொங்க விடணும், மூச்ச வெளிய விட்டுட்டே எழும்பணும், 10 தடவை, ஒரு நாளைக்கு நாலஞ்சு முறை. நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கென்சி கொண்டு வந்த முறை இது. இதுல முக்கியமா ஒண்ணு கவனிங்க, தொடை வலி மேல ஏறி நடு இடுப்புக்கு வந்தா நல்லது, இடுப்புல கொஞ்சம் கூடுனாலும் பரவால்ல. வலி முட்டி, கணுக்கால்னு கீழ இறங்குனா உடனே நிறுத்திட்டு நேர்ல காட்டுங்க.

வலி அடங்குனதும் தான் பலம் ஏத்தற பயிற்சி. நாலு கால்ல நின்னு எதிரெதிர் கையும் காலும் நீட்டி 10 செகண்ட், மல்லாந்து படுத்து இடுப்ப தூக்கற பிரிட்ஜ். பெல்ட்ட வண்டில போறப்ப கொஞ்ச நேரம் போடுங்க, நாள் முழுக்க வேணாம். முதுகுல ஏறி மிதிக்கிறதுக்கு தயவுசெஞ்சு போகாதீங்க, டிஸ்க் பிதுங்கி இருக்கிற இடுப்புக்கு அது ஆபத்து.

அக்கா_மதுரை:
தம்பி, காலை இறுக்கம் எவ்ளோ நேரம் இருக்கு? என் தம்பிக்கு இதே வரி தான் ரிப்போர்ட்ல, மசில் ஸ்பாசம்னே ரொம்ப நாள் மாத்திரை சாப்பிட்டான், கடைசில பாத்தா ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ், அதாவது முதுகுத்தண்டுல வர்ற மூட்டுவாதம். 45 வயசுக்குள்ள ஆரம்பிச்சு மூணு மாசத்துக்கு மேல இழுக்குற வலி, அரை மணி நேரத்துக்கு மேல இறுக்கம், படுத்தா கூடி நடந்தா குறையுது, பின்ராத்திரில வலி எழுப்பி விடுதுன்னா மூட்டுவாத டாக்டர பாருங்க. எச்எல்ஏ-பி27 ரத்த டெஸ்டும் இடுப்பெலும்பு மூட்டுக்கு ஸ்கேனும் கேப்பாங்க.

சேலம்காரன்:
பின்னாடி வளையற பயிற்சி எல்லாருக்கும் ஆகாது, இத படிக்கிற மத்தவங்களும் கவனிங்க. எங்கம்மாவுக்கு நரம்பு போற பாதை சுருங்கியிருக்கு, நிமிந்து நடந்தா கால் மரத்துப்போகும், குனிஞ்சு உக்காந்தா தான் சரியாகும். அவங்களுக்கு குப்புற படுத்து எழற பயிற்சியே வேணாம்னுட்டாங்க. எலும்பு நழுவி இருக்கிறவங்களும் கேக்காம பண்ணாதீங்க.

பவர்டேபிள்_திருப்பூர்:
ரொம்ப நன்றிங்க. அக்கா, இறுக்கம் எந்திரிச்சு கொஞ்சம் நடந்தா பத்து நிமிஷத்துல விட்ருது, ராத்திரி தூக்கம் கெடல. முழங்கை ஊனி படுத்து பாத்தேன், தொடை இழுப்பு குறையுது ஆனா நடு இடுப்புல வலி கூடுது, தொடரலாமாங்க? வேலைல என்ன மாத்தறது?

பிசியோ_கோவை:
தொடருங்க அண்ணா, வலி மேல ஏறுறது நல்ல அறிகுறி தான். ஸ்டூல் உயரத்த கூட்டி இடுப்பு முட்டிய விட கொஞ்சம் மேல இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க, கால் பெடல்ல முழுசா பதியணும். முதுகு சாயற சேர் கேட்டு வாங்க முடிஞ்சா துண்ட சுருட்டி பெல்ட் கட்டற இடத்துல வச்சுக்கோங்க. தைக்கிற துணிக்கட்டு மாத்தும்போதெல்லாம் எந்திரிச்சு இடுப்புல கை வச்சு அஞ்சு தடவை பின்னாடி சாயுங்க, பீஸ் ரேட்ல இருக்கிறவங்களுக்கு நேரம் போகுதுன்னு தோணும், ஆனா இத விட்டுட்டு வீட்ல மட்டும் செஞ்சா பலன் பாதி தான். ஆறு வாரத்துல வலி நல்லா குறையணும், குறையலன்னா டாக்டர்ட்ட திரும்ப போங்க. வளைவு வந்துருச்சான்னு பாக்க மறுபடி ஸ்கேன் எடுத்து காச விடாதீங்க. ஒண்ணுக்கு போக முடியாம அடைச்சாலோ, மோஷன் கன்ட்ரோல் போனாலோ, தொடை இடுக்குல மரத்தாலோ, பாதம் தூக்க முடியாம தொங்குனாலோ பயிற்சி எல்லாம் விட்டுட்டு அன்னைக்கே எமர்ஜென்சிக்கு போயிருங்க.