கிடந்ததை எடுத்தால் திருட்டா? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்கள் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் தம்பி ஊரிலிருந்து வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. போன ஞாயிறு மாலை ஒரு பணப்பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். கீழ்த்தளத்துக் கல் இருக்கையில் கிடந்ததாம். உள்ளே நான்கு ஐம்பது வெள்ளி (டாலர்) தாள்கள், ஒரு முதியவரின் அடையாள அட்டை. “அண்ணே, நான் திருடவில்லை, கிடந்தது, எடுத்தேன்” என்றான். வைத்த சோற்றை அப்படியே மூடிவிட்டு, அவனை அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.

ஊரில் திருட்டு வழக்கு என்றாலே ‘379’ என்பார்கள், தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவின் எண் அது. இங்கும் அதே எண்தான். 1860 இந்திய தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி 1871இல் இங்கே சட்டம் எழுதினார்கள். இந்தியாவில் 2024 ஜூலையில் எண்கள் மாறிவிட்டன, இங்கே மாறவில்லை.

திருட்டு என்றால் என்ன என்று சொல்வது 378. பிறர் வசமுள்ள பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்று எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு அசைத்தாலே போதும். கடை வாசலைத் தாண்டினால்தான் குற்றம் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. பேரங்காடியில் நாமே கட்டணம் செலுத்தும் இயந்திரத்தில் ஐந்து பொருளில் நான்கை மட்டும் வேண்டுமென்றே காட்டிவிட்டு ஐந்தாவதைப் பையில் போடுவதும் திருட்டே. சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. குடியிருக்கும் வீட்டிலோ பொருள் வைக்கும் கட்டடத்திலோ திருடினால் 380, ஏழாண்டு வரை. கடையும் அதில் அடங்கும். பத்து வெள்ளிப் பொருளுக்காக வேலை அனுமதியை இழந்து ஊர் திரும்ப நேரலாம். தயவுசெய்து இதை விளையாட்டாக எண்ணாதீர்கள்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை இருந்தது. யார் வசமும் இல்லாமல் கிடக்கும் பொருளை எடுப்பது திருட்டாகாது. ஆனால் உரியவர் யார் என்று தெரிந்தும் வைத்துக்கொண்டால் அது 403, நேர்மையற்ற கையாடல். ஈராண்டு வரை சிறை. பைக்குள் அடையாள அட்டையே இருந்ததே!

ஆங்கிலச் செய்திகளில் வரும் ‘லார்செனி’ (பழைய ஆங்கிலச் சட்டத்தில் திருட்டுக்கு இருந்த பெயர்) இந்தச் சட்டத்தில் இல்லை. இங்கிலாந்தே 1968இல் அந்தப் பழைய குற்றத்தைக் கைவிட்டுவிட்டது. ‘பர்க்ளரி’ என்பது அங்கே ஒரு காலத்தில் இரவில் பிறர் வீட்டை உடைத்துப் புகுவதை மட்டும் குறித்தது. இங்கே அதற்கு ஈடானது வீடுடைத்துப் புகுதல், பகலானாலும் குற்றம்தான். சுவரில் துளையிட்டுக் கையை உள்ளே விட்டாலே வீடுடைப்பு என்று 1860 சட்டம் எடுத்துக்காட்டுத் தருகிறது. நம் பாட்டிமார் ‘கன்னம் வைத்தான்’ என்று சொன்னது இதைத்தான். தொலைந்த சாவியைக் கண்டெடுத்து, அதனால் கதவைத் திறந்து திருடப் புகுவதும் அதே கணக்கு.

அடித்தோ மிரட்டியோ பறித்தால் கொள்ளை. அதற்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு.

கேள்வி: அண்ணா, எங்கள் புளோக்கில் ஒரு சைக்கிள் மாதக்கணக்கில் துருப்பிடித்து நிற்கிறது. பூட்டும் இல்லை. எடுத்து ஓட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. துருப்பிடித்ததால் உரியவர் அதைக் கைவிட்டுவிட்டார் என்று ஆகிவிடாது. நகர மன்றத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அகற்றுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஓட்டத்தான் வேண்டுமென்றால் என் பழைய சைக்கிள் சும்மா நிற்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.