வைனைத் தேற்றும் பொருளுக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை அத்தியாயம் அச்சுக்குப் போக வேண்டும். பட்டாணி, உருளைக்கிழங்குப் புரதங்களைச் சேர்த்து வைனைத் தெளியவைப்பது பற்றிய பாடம் அது. அப்படிச் சேர்க்கும் பொருளுக்கு ஒரு பொதுப்பெயர் கேட்டேன், மடல்கள் குவிந்துவிட்டன. எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பதில்.

> 'தெளிவிப்பான்' போதுமே. படித்ததும் புரியும்.

புரியும் ஐயா. ஆனால் வடிகட்டியும் தெளிவிப்பான்தானே? இங்கே நடப்பது வேறு. வைனின் புளிப்பில் புரதம் நேர்மின்னூட்டம் கொள்கிறது. டானின் போன்ற துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு, திரண்டு, அடியில் படிகிறது. மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்கிறார்கள். கலங்கலோடு நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் குறைகிறது. பிரான்சின் போர்தோ வைன் வட்டாரத்தில் 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கரு சேர்ப்பது இதற்குத்தான். பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை எல்லாம் இதே வேலையைச் செய்பவை. முட்டை, பால் எச்சம் இருந்தால் புட்டியின் சீட்டில் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் விதி இருக்கிறது. முட்டை, பால்கூடத் தொடாத நனிசைவர்களும் கேட்கிறார்கள். பட்டாணி உள்ளே வந்த வழி இது.

> தேற்றாங்கொட்டை இருக்கும்போது என்ன குழப்பம்? 'தேற்றி' என்போம்.

இந்த மடலைப் படித்ததும் மனம் நிறைந்தது. பானையின் உட்புறத்தில் கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த ஊர் நமது. 'இல்லம்' என்ற பெயரில் அந்த மரம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. அதன் விதை நீரைத் தெளிவிப்பது கலித்தொகையில் உவமையாகவே வருகிறது. தேறு தன்வினை, தேற்று பிறவினை. தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயர் வைத்தவர்களுக்கு இந்தத் தொழில் தெரியாமலா இருந்திருக்கும்?   ஒரு திருத்தம்: தேற்றாங்கொட்டையில் முக்கியமாக வேலை செய்வது கார்போஹைட்ரேட் வகைப் பொருள். புரதம் என்று பார்த்தால் நீரைத் தெளிவிக்கும் முருங்கை விதைதான் நெருக்கம்.

> 'தேற்றி' என்றால் மாணவர்கள் ஆறுதல் சொல்வதை நினைப்பார்கள்.

உண்மைதான் அம்மா. அதனால் 'தேற்றுபொருள்' என்று எழுதுகிறேன். வினைத்தொகை என்பதால் ப் மிகாது, மெய்ப்புப் பார்ப்பவர் திருத்திவிட வேண்டாம்.

> 'தாவரம்' வடசொல். 'நிலைத்திணைப் புரதம்' என்க. வைனைத் 'தேறல்' என்க.

தாவரம் பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த சொல், அதை எடுக்கமாட்டேன். தேறல் எனக்கும் ஆசைதான். ஆனால் தெளிந்த பிறகுதானே அது தேறல்? பீப்பாயில் கலங்கிக் கிடப்பதை எப்படி அப்படி அழைப்பது?

'தேற்றுபொருள்' என்பதற்கு ஆறு பேர் சரி என்றிருக்கிறீர்கள், அதில் இருவர் களைத்துப்போய். 'ஆறுதல்' பற்றி எழுதிய அம்மா தம் வகுப்பில் 'தெளிவிப்பான்' என்றே சொல்லப்போவதாக எழுதியிருக்கிறார், சொல்லட்டும். இன்னொன்று மிச்சம் இருக்கிறது. செயலுக்குப் பெயர் 'தேற்றம்' என்று வைக்க முடியாது, கணக்குப் பாடம் அதை எடுத்துக்கொண்டது. 'தேற்றல்' என்பதா, 'தேற்றுதல்' என்பதா? வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.