சயாம் மரண ரயிலில் இறந்த நம்மவர்களுக்குக் கல்லறை எங்கே?

தோட்டத்துப் பேரன்:
வணக்கம். என் தாத்தாவின் அண்ணன் மலாயாவில் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து 1943-ல், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டவர், திரும்பவே இல்லை. டிசம்பரில் குடும்பத்தோடு, அந்தப் பாதை போன தாய்லாந்து ஊரான காஞ்சனாபுரிக்குப் போகிறோம். தேடிப் பார்த்தால் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழர்களை எங்கே புதைத்தார்கள்? ஒரு மாலை போட்டுக் கற்பூரம் ஏற்ற இடம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ அக்கா:
இடம் இருக்கிறது தம்பி. நீங்கள் பார்த்த அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்தக் கோவில் இருக்கிறது, வாட் யுவான் என்றும் சொல்வார்கள். அதன் வளாகத்தில் உள்ள தூபியின் அடியில்தான் ஆயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் இருக்கின்றன. யாருக்கும் பெயர் இல்லை. மலேசியத் தமிழர்கள் பல வருஷம் அலைந்து, கேட்டு, 2023-ல் அங்கே ஒரு நடுகல் வைத்தார்கள். முதலில் போர்க்கைதிகளின் கல்லறைக்குப் போய்விட்டு அப்புறம் இங்கே வாருங்கள். அங்கே கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், புல் ஒட்ட வெட்டியிருக்கும், தகட்டில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். அதைப் பார்த்த கையோடு இந்தத் தூபி முன்னால் வந்து நின்றால் எனக்கு வயிறு எரிகிறது.

பழைய காகிதம்:
பெயர் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. போர்க்கைதிகள் பட்டாளத்துக்காரர்கள், அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, கூடவே அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள், செத்தவனை எங்கே புதைத்தோம் என்று ஒளித்து ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். தோட்டத்திலிருந்து நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், பிறகு லாரியில் பிடித்துப் போட்டும் கொண்டுபோன கூலிகளுக்கு அப்படி எழுதி வைக்க யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள், கிடைத்த குழியில் மொத்தமாகத் தள்ளி மூடினார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அதில் இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல், ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 என்பது பரவலான மதிப்பீடு. 1990-ல்கூட காஞ்சனாபுரியில் மண்ணைத் தோண்டியபோது ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. மேல்பகுதியில் பாதையின் ஒரு பகுதி இன்று அணை நீருக்குள் கிடக்கிறது, அங்கே இனி யாரும் தேட முடியாது.

இன்னொன்று, காஞ்சனாபுரியில் அந்த ரயில் போகும் குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானியர்களே 1944-ல் கட்டிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. பாலத்தில் போட்டோ எடுக்கும் கூட்டம் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை, நீங்கள் போய்ப் பாருங்கள்.

கிள்ளான் ரவி:
நடுகல் வந்தது நல்லதுதான், ஆனால் அதோடு விட்டுவிட்டால் எப்படி? அரசாங்கங்கள் சேர்ந்து பெரிய மண்டபமாகக் கட்ட வேண்டும் என்பது என் கருத்து.

ஈப்போ அக்கா:
மண்டபம் கட்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை ரவி. ஆனால் அதில் எழுதப் பெயர் வேண்டாமா? போய்த் திரும்பியவர்கள் அநேகமாக எல்லாரும் போய்விட்டார்கள், அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கே இப்போது எழுபது எண்பது வயது. நாங்கள் சிலர் ஈப்போ பக்கம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறோம். ஆளின் பெயர், அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), யாரோடு போனார், திரும்பி வந்தவர் என்ன சொன்னார், இவ்வளவுதான். ஒரு பாட்டி, "கறுப்பு, இடது காதில் கடுக்கன்" என்று மட்டும் சொன்னார், பெயர் நினைவில்லை. அதையும் அப்படியே எழுதிக்கொண்டோம். தம்பி, நீங்களும் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி எடுத்துப் போங்கள். கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே தாய்லாந்து - பர்மா ரயில்பாதை ஆய்வு மையம் இருக்கிறது, அங்கேயும் காட்டிக் கேட்டுப் பாருங்கள். கற்பூரம் ஏற்றக் கோவிலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

தோட்டத்துப் பேரன்:
ரொம்ப நன்றி அக்கா. தைப்பிங்கில் எங்கள் அத்தைப் பாட்டி இருக்கிறார், வயது தொண்ணூறுக்கு மேல், தன் அண்ணன் லாரி ஏறியதை அவர் நேரில் பார்த்தவர் என்று அம்மா சொல்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன். நீங்கள் எழுதும் அந்தப் படிவத்தை இங்கே போட முடியுமா? அதே மாதிரி எழுதிக்கொண்டு வருகிறேன்.