கணினிச் சுட்டியால் (மவுஸ்) வரைந்த கோட்டுக்கு மதிப்பெண் தருவது முறையா?

செங்கோணம்:
இணையத் தேர்வுகளில் “இச்சார்பின் வரைபடத்தைச் சுட்டியால் வரைக” என்று கேட்கும் வினாக்களைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. அண்மையில் ஒரு மாணவி 1/எக்ஸ் என்னும் சார்பை வரைவதை அருகிலிருந்து பார்த்தேன். வலப்புறத்தில் சரியாகத் தொடங்கி, செங்குத்து அச்சை நெருங்கி மேலேறும் இடத்தில் சுட்டி மேசையின் விளிம்புக்கு வந்துவிட்டது. பொத்தானை விடாமல் அதைத் தூக்கி வைத்தபோது கோடு மயிரிழை அளவு வலப்புறம் மடங்கிவிட்டு மேலே சென்றது. ஒரே எக்ஸ் மதிப்புக்கு இரண்டு ஒய் மதிப்புகள் இருப்பதாகக் கண்ட, விடை திருத்தும் கணினி நிரல், “இது சார்பே அன்று” என்று சுழியம் போட்டது. தொலைத்தொடுகோடு, அதாவது வளைவரை நெருங்கிக்கொண்டே செல்லும் நேர்கோடு, பற்றி நான் கேட்டவற்றுக்கெல்லாம் அவர் தெளிவாக விடை சொன்னார். அந்தச் சுழியம் அவருடைய கைக்குக் கிடைத்ததே தவிர, கணித அறிவுக்குக் கிடைத்ததன்று.

நாண்கோடு:
நீங்கள் சொல்வது திருத்தும் நிரலின் குறை. அதற்காக வினாவையே நீக்குவதை என்னால் ஏற்க இயலாது. 2-இன் அடுக்காக எக்ஸ் வரும் சார்பை வெற்றுக் கட்டத்தில் வரையச் சொன்னால், இடக்கோடியில் அதைக் கிடை அச்சுக்குக் கீழே இறக்கிவிடும் மாணவர்கள் உண்டு. நான்கு படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவர்களே பொருந்தாதவற்றை விலக்கிச் சரியான படத்துக்கு வந்துவிடுவார்கள். தவறான புரிதல் வெளியே தெரியாமலே போய்விடும். கோட்டின் தேவையற்ற புள்ளிகளைக் குறைக்க டக்ளஸ், பாய்க்கர் என்னும் ஆய்வாளர்கள் 1973-இல் வெளியிட்ட முறைப்படி சிறு நெளிவுகளை நீக்கிவிட்டு, கோடு எங்கே ஏறுகிறது, எங்கே அச்சை வெட்டுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

செங்கோணம்:
எந்த அளவுக்குக் குறைவான நெளிவை நீக்குவீர்கள்? கை நடுக்கத்தை அழிக்கும் அதே அளவு, நீங்கள் பிடிக்க விரும்பும் அந்தச் சிறு இறக்கத்தையும் அழித்துவிடுமே! நெளிவை நீக்காமல், சரியான வளைவரையைச் சுற்றி நிரல் ஏற்கும் பட்டையைக் குறுக்கினாலும் சிக்கல்தான். பாதையின் நீளத்தை அதன் அகலத்தால் வகுத்த அளவுக்கு ஏற்ப நேரம் கூடும் என்று மனித-கணினி ஊடாட்ட ஆய்வாளர்கள் அக்கோவும் ஜாயும் 1997-இல் காட்டினார்கள்; பட்டையைப் பாதியாக்கினால் வரையும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

மூன்றாம்பிறை:
அதே இருவர் 1999-இல் ஐந்து கருவிகளை ஒப்பிட்டபோது, சுட்டி, பேனாவால் வரையும் வரைபலகையோடு முதல் வரிசையில் நின்றது. விரலால் தடவும் டச்பேடும், பந்தை உருட்டும் டிராக்பாலும்தான் கடைசியில் வந்தன. ஆகவே சுட்டியைக் குறை சொல்வதைவிட, மடிக்கணினியின் டச்பேடில் தேர்வு எழுதுபவரை நினைத்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளும் வலைத்தளங்களைப் பயன்படுத்த உதவும் நெறிகளாக 2023-இல் வந்த வலை அணுகல் வழிகாட்டுதல் (WCAG) 2.2, இழுத்துச் செய்யும் செயலுக்கு இழுக்காமல் செய்யும் மாற்றுவழி கேட்கிறது. இழுப்பது இன்றியமையாததாக இருந்தால் விலக்கு உண்டு. ஓவியத்துக்கு அந்த விலக்கு பொருந்தலாம். ஆனால் வளைவரையின் வடிவத்தைச் சோதிக்கும் வினாவில் கை சென்ற தடத்துக்கு என்ன தேவை இருக்கிறது?

நாண்கோடு:
இதை ஏற்கிறேன். வெற்றுக் கட்டத்தில் மாணவரே புள்ளிகளை வைக்கட்டும். விசைப்பலகையின் அம்புக்குறிகளாலும் நகர்த்தட்டும். எத்தனை புள்ளிகள் என்று மட்டும் சொல்லக் கூடாது. அவற்றின் வழியே நிரல் வளைகோடு போடும்போதும் கவனம் வேண்டும். வழக்கமான முப்படிக் கோடு (முப்படிக் கோவைகளை இணைத்து அமைக்கும் வளைகோடு) இரு புள்ளிகளுக்கிடையே கீழே தாழ்ந்து, மாணவர் நினைக்காத வெட்டுப்புள்ளியை உண்டாக்கிவிடக்கூடும். ஏறுமுகம் மாறாமல் இணைக்கும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

செங்கோணம்:
அப்படியானால் எனக்கும் உடன்பாடே. ஆயினும் சமர்ப்பிக்கும் முன், “உங்கள் கோடு கிடை அச்சை ஓரிடத்தில் வெட்டுகிறது” என்று நிரல் தான் படித்ததைக் காட்ட வேண்டும்.

நாண்கோடு:
பயிற்சித் தேர்வில் காட்டலாம். மதிப்பெண்ணுக்கான தேர்வில் அந்த ஒரு வரியே விடையைத் திருத்திக்கொள்ளச் சொல்லும் குறிப்பாகிவிடும். அங்கே கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்கவும், கடைசிப் புள்ளியை மட்டும் அழிக்கவும் வசதி கொடுத்தால் போதும் என்பேன்.