மறு: ம்ஃபெகானே - தமிழில் என்ன சொல்லலாம்?

> 'சூலு போர்கள்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். ம்ஃபெகானே என்று சொல்லப்படுகிற, 1810-களில் தொடங்கி இருபது முப்பது ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் நடந்த போர்கள், இடப்பெயர்வுகள் அத்தனைக்கும் சூலு மன்னர் ஷாகா ஒருவர்தான் காரணம் என்று பெயரே தீர்ப்பு எழுதிவிடும். 1988-இல் வரலாற்றாசிரியர் ஜூலியன் காபிங் கிளப்பிய சண்டையே இதுதானே: டெலகோவா விரிகுடா அடிமை வணிகத்தையும் கேப் காலனிப் பக்கத்திலிருந்து வந்து ஆள்பிடித்ததையும் மூடி மறைக்க இந்தக் கதை உதவியது என்றார். அவரை அப்படியே ஏற்காதவர்கள் நிறைய. ஆனாலும் வறட்சி, யானைத்தந்தப் போட்டி என்று காரணங்கள் பல என்பதில் இப்போது பெரிய தகராறு இல்லை.

'பெருஞ்சிதறல்' என்ற சொல் எனக்கும் முதலில் பிடித்தது. ங்கோனி தலைவர் ஸ்வங்கெண்டாபாவின் கூட்டம் 1835-இல் சாம்பேசி ஆற்றைக் கடந்து வடக்கே போனதற்கு அது சரி. பசோத்தோ மன்னர் மொஷ்வேஷ்வேக்கு? 1824-இல் அவர் தன் ஆட்களோடு தாபா போசியு மலைக்கு நடக்கிறார், வழியில் பின்தங்கிய தாத்தா பேட்டேவை நரமாமிசம் தின்னும் கூட்டம் பிடித்துத் தின்றுவிடுகிறது. பிறகு அந்தக் கூட்டம் மொஷ்வேஷ்வேயின் கையில் சிக்கியபோது, தாத்தாவின் கல்லறை இவர்கள் வயிறுதானே, அதைப் போய் இடிப்பதா என்று விட்டுவிட்டாராம். இப்படி வந்தவர் போனவரையெல்லாம் சேர்த்துக்கொண்டுதான் பசோத்தோ என்றொரு மக்களே உருவானார்கள். சிதறல் என்றால் இந்தப் பாதி விட்டுப்போகும்.

'புலம்பெயர்வு' வேண்டாம், அது கடல் தாண்டிப் போனவர்களுக்கென்று ஆகிவிட்ட சொல்.

என் ஓட்டு 'பெருங்குலைவு'க்கு. கூடு குலைந்தால் வேறு கிளையில் கட்டலாம், அந்தச் சாயலும் இருக்கிறது. முதலில் 'குடிக்குலைவு' என்றுதான் எழுதியிருந்தேன், வீட்டில் வாசித்துக் காட்டியதும் "மதுவிலக்குப் பிரச்சாரமா?" என்று கேட்டார்கள், அடித்துவிட்டேன்.

அப்புறம் ஒலிபெயர்ப்பு. ம்ஃபெகானேவுக்கான சோத்தோ மொழிப் பெயரை 'டிஃபகானே' என்று ஒரே வடிவமாக வைப்போம். லெசோத்தோவில் 'லி' என்று எழுதினாலும் வாசிப்பது 'டி'தான், 'லிஃபகானே'வுக்குத் தனிப் பதிவு எதற்கு. 'ம்ஃபெகானே'யில் நாம் 'க' போடும் இடத்தில் சூலுக்காரர்கள் உண்மையில் உச்சுக் கொட்டுகிறார்கள். அதற்கு நம்மிடம் எழுத்து இல்லை, 'க' இருந்துவிட்டுப் போகட்டும்.