கலங்கலோட்டமா, கலுழியா?

ரீச்சர், கிளிநொச்சி:
எல்லோருக்கும் வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்காகக் கண்ட ஓரங்களின் கடலடி பற்றிய எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை போட்டோக்கொப்பிக்குக் கொடுத்தாக வேண்டும். கண்டமேடை (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி), கண்டச்சாய்வு (அது ஆழ்கடலுக்கு இறங்குகிற சரிவு) இரண்டும் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அந்தச் சாய்வில் சேறும் மணலும் கலந்த நீர், சுற்றியுள்ள தெளிந்த நீரைவிடப் பாரம் என்பதால், அடியை ஒட்டியபடி பாய்ந்து இறங்குமே, அதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் turbidity current. கணினியில் போட்டேன். 'கொந்தளிப்பு மின்னோட்டம்' என்று தந்தது. கடலுக்குள் வயர் இழுத்த மாதிரி! நான் இப்போதைக்குக் 'கலங்கலோட்டம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

பண்டிதர், வவுனியா:
தங்கச்சி, கலங்கல் என்பது ஒரு நிலை. கலங்கிய எதையும் கலங்கல் என்னலாம், மனம் உட்பட. ஆளப்பட்ட சொல் நம்மிடம் இருக்கிறது: கலிழி. ஐங்குறுநூறு 203ஆம் பாட்டு. தலைவன் நாட்டுத் தண்ணீரைப் பற்றித் தலைவி தோழியிடம் சொல்கிறாள். தழை மூடிய கிணற்றின் அடியில் மான் குடித்து மிஞ்சிய கலிழி நீர், தேன் கலந்த பாலினும் இனிதாம். மூன்றெழுத்தில் கலங்கல் நீர் முழுவதும் வந்துவிட்டது. கலிழியோட்டம் என்று போடுங்கள்.

நீர்ப்பாசனக்காரன், மாங்குளம்:
ஐயா, மான் குடித்து மிஞ்சியது கிணற்றடியில் தேங்கிய தண்ணீர். ரீச்சர் கேட்பது ஓடுகிற தண்ணீர்.
ரீச்சருடைய சொல்லிலும் ஒரு வில்லங்கம். நான் தமிழ்நாட்டில் படித்த காலத்தில் அங்கே 'ஏரிக் கலங்கல்' என்றால் நாங்கள் சொல்லும் வான். மிஞ்சிய தண்ணீர் வழிகிற கட்டு. இரணைமடு வான் பாய்கிறது என்று நாங்கள் சொல்வதை அங்கே கலங்கல் பாய்கிறது என்பார்கள். உங்கள் கையேடு இந்தியாவுக்குப் போனால் கடலடியில் யார் குளம் கட்டினார்கள் என்று கேட்பார்கள்.

கரைவலைக்காரன் மகன், முல்லைத்தீவு:
சொல்லை விடுங்கள், எனக்கு விசயமே பிழை போலக் கிடக்கிறது. மாரிக்கு ஆறு உடைத்துக் கடலுக்குள் வருகிற கலக்குத் தண்ணியை நாங்கள் வருசா வருசம் பார்க்கிறோம். அது மேலால் படரும். அடியில் வலையை இழுத்தால் அங்கே நல்ல தண்ணி நிற்கும். பாரம் என்றால் ஏன் தாழவில்லை?

ரீச்சர், கிளிநொச்சி:
தம்பி, நல்ல கேள்வி. ஆற்று நீர் நன்னீர், உப்பு நீரைவிட இலேசு. கொஞ்சச் சேற்றோடு வந்தாலும் பெரும்பாலும் மிதக்கும். அந்தச் சேறு பிறகு கண்டமேடையில் படிந்து குவிகிறது. நிலநடுக்கமோ பெரும் புயலோ அதைக் குலுக்கினால் இப்போது உப்பு நீரோடேயே கலக்கிறது. அப்போதுதான் அது இறங்கும்.
1929 நவம்பர் 18இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலநடுக்கம். கிட்ட இருந்த தந்திக் கம்பிகள் உடனே அறுந்தன. பிறகு ஆழத்தில் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, 13 மணித்தியாலம் தாண்டியும் அறுந்துகொண்டே போயின. மொத்தம் 12. நடுக்கம் நின்ற பிறகு எது அறுத்தது? 1952இல்தான் ஹீசன், யூயிங் என்ற இரு கடலாய்வாளர்கள் இந்த ஓட்டம்தான் என்று விளக்கினார்கள். (கணினி சொன்ன மின்னோட்டத்தில் கம்பி மட்டும் உண்மை.)

பண்டிதர், வவுனியா:
மாங்குளத்துத் தம்பி திருத்தியது நியாயம். ஆனால் கலிழிக்கு ஓடுகிற தங்கை இருக்கிறாள்: கலுழி. அகராதி பாருங்கள், கலங்கல் நீர் என்றும் கான்யாறு என்றும் இரு பொருள். சேறும் ஓட்டமும் ஒரே சொல்லில். வேர் கலுழ், கலங்குதல், அழுதல். அழுகிற கண்ணும் கலங்கித்தானே போகிறது? கருடனுக்குக் கலுழன் என்று பெயர் வந்த வழியும் இதுவோ என்று...

நீர்ப்பாசனக்காரன், மாங்குளம்:
ஐயா, கருடன் பறக்கட்டும், நாங்கள் கீழே இறங்குவோம்.
தமிழ்நாட்டில் போலக் கண்டத்திட்டு என்று எழுதாமல் கண்டமேடை என்று எழுதியதற்கு ரீச்சருக்கு நன்றி. எங்கள் கடலில் திட்டு என்றால் மன்னாருக்கு அப்பால் காய்ந்து நிற்கிற மணல். ஆனால் சட்டத்தில் வருகிற கண்டமேடை வேறு, அதையும் ஒரு வரி எழுதுங்கள். அது சாய்வையும் தாண்டி, சாய்வின் அடிவாரத்தில் அடையல் (படிந்த மண்) குவிந்த எழுச்சியையும் சேர்த்துப் பிடிக்கும். வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்த அடையல் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் நீளத்துக்கு விசிறியாக விரிந்து கிடக்கிறது. இலங்கைக்குக் கிழக்காலும் அது போகிறது. நீங்கள் பெயர் தேடுகிற இந்த ஓட்டங்கள்தான் அதைப் பரப்பியவை. அந்த அடையலின் தடிப்பை வைத்துத்தான் இலங்கை 2009 மே 8ஆம் திகதி ஐ.நா. ஆணைக்குழுவிடம் தன் கண்டமேடை எல்லையைக் கேட்டு விண்ணப்பித்தது. அந்தத் திகதியில் இந்தக் குழுவில் பாதிப் பேர் எங்கே கிடந்தோம் என்பது வேறு கதை.

கரைவலைக்காரன் மகன், முல்லைத்தீவு:
ஓம். வேறு கதை.

ரீச்சர், கிளிநொச்சி:
எழுச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. 'கண்ட எழுச்சி' என்று படிப்பித்தால் பின் வாங்கு ஒவ்வொரு வருசமும் சிரிக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.
இன்றைக்கு வகுப்பில் செய்து பார்த்தேன். கண்ணாடி மீன்தொட்டி, ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்தது, உப்புத் தண்ணீர். உயர்ந்த பக்கத்தில் குளத்து மண்ணும் மணலும் உப்புத் தண்ணீரில் கலக்கி மெதுவாக ஊற்றினோம். மேலே தண்ணீர் தெளிவாகவே நின்றது. கீழே தலை பருத்து, தலைக்குப் பின்னால் புகை சுருள்வது போலச் சுருண்டு, கண்ணாடியை ஒட்டி ஊர்ந்து போய் மறுபக்கத்தில் மோதித் திரும்பியது. நாளை காலை பார்த்தால் மணல் அடியிலும் களி மேலேயும் படிந்திருக்கும். ஒருத்தி கத்தினாள்: "ரீச்சர், சேத்துப் பாம்பு!"
கலுழி என்று பலகையில் எழுதினேன். கலுளி, களுழி, ஒருவன் கழுவி. ஐயா கோபிக்க வேண்டாம், எங்கள் வாயில் ழகரம் நிற்பதில்லை.

பண்டிதர், வவுனியா:
வாயில் நிற்காததற்காகச் சொல்லைத் துரத்துவதா? பிள்ளைகளுக்கு ழகரம் படிப்பியுங்கள். அந்த ஓட்டம் படியவிட்ட பாறைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? எனக்குக் கலுழிப்பாறை தயார்.

நீர்ப்பாசனக்காரன், மாங்குளம்:
கலங்கலடையல். அடையற்பாறை என்று பத்தாம் வகுப்பிலிருந்தே படிக்கிறார்கள்தானே. வான் குழப்பத்தை நான் விட்டுவிட்டேன், வன்னியில் அது வராது.

கரைவலைக்காரன் மகன், முல்லைத்தீவு:
எனக்குச் சேத்துப் பாம்பு.

ரீச்சர், கிளிநொச்சி:
கொப்பிக் கடையில் நிற்கிறேன். கலங்கலோட்டம், கலங்கலடையல் என்றே அடிக்கக் கொடுத்துவிட்டேன். ஐயாவின் கலுழியை ஐந்தாம் பக்க அடிக்குறிப்பில் சேர்த்தேன். கடைப் பொடியன் அதைக் 'கழுதி' என்று அடித்து வைத்திருக்கிறான். திருத்திக்கொண்டிருக்கிறோம்.

பண்டிதர், வவுனியா:
அடிக்குறிப்பு போதாது.