ஸ்டெப்பின் ஃபெட்சிட்: பழி நடிகருக்கா, ஸ்டுடியோவுக்கா?

இளங்கீரன்:
ஹாலிவுட்டின் பழைய கறுப்பின நகைச்சுவை நடிகர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஸ்டெப்பின் ஃபெட்சிட் பெயரை எல்லாரும் முகம் சுளித்தபடியே சொல்கிறார்கள். "இனத்தை விற்றுப் பிழைத்தவர்" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் இயற்பெயர் லிங்கன் பெரி. 1902ல் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்டில் பிறந்தவர். பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். சின்ன வயதிலேயே ஊர் ஊராகப் போகும் மேடைக் குழுக்களில் ஆடிப்பாடித் தொழில் கற்றார். 1927ல் மௌனப்படத்தில் கவனம் பெற்று, 1929ல் ஃபாக்ஸ் நிறுவனம் எடுத்த 'ஹார்ட்ஸ் இன் டிக்ஸி'யில் படத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஏறக்குறைய முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து ஒரு பெரிய ஸ்டுடியோ எடுத்த முதல் பேசும்படங்களில் அது ஒன்று. கறுப்பின நடிகர்களில் முதல் மில்லியனர் என்று இன்றும் சொல்லப்படுபவர் இவர்தான்.

சரி, என்ன வேடம் போட்டார்? வேலை என்றால் நகராத, இழுத்து இழுத்துப் பேசுகிற, பாதிக் கண் மூடிய சோம்பேறி. அந்த வேடத்துக்கு ஒரு வேர் உண்டு. பருத்திக் காட்டில் அடிமையாக இருந்தவன் எஜமானிடம் மந்தமானவன் போல நடித்து வேலையிலிருந்து தப்பிப்பது அந்த மக்களின் பழைய தந்திரம். அவர்களுடைய கதைகளில் அவன்தான் கெட்டிக்காரன். பெரி அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். அடிபணிந்தார் என்று சொல்வது பாதிப் பார்வை.

வெண்ணிலா:
இளங்கீரன், தந்திரம் என்றால் யார் ஏமாறுகிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அடிமைகள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்த கதையில் அது தெரியும். ஃபாக்ஸ் அந்தப் படங்களைத் தங்களுக்குள் சிரித்துக்கொள்பவர்களுக்காகவா எடுத்தது? தென்மாநிலத் தியேட்டர்களில் கறுப்பின மக்களுக்குத் தனி வாசல், மேலே பால்கனி. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் "இவர்கள் இப்படித்தான்" என்று உறுதிப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கூலியைக் குறைக்கவும், ஓட்டுரிமை கொடுக்காமல் இருக்கவும் அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட காரணமே "சோம்பேறிகள், விவரம் தெரியாதவர்கள்" என்பதுதான். படத்தில் சிரிக்க வைத்ததும் அதே காரணம்.

தாமோதரன்:
ஒரு காட்சியை எடுத்துவைத்துப் பேசலாமே. 1934ல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஜட்ஜ் பிரீஸ்ட்'. நீதிபதியாக வில் ரோஜர்ஸ். தொடக்கத்திலேயே நீதிமன்றம், கோழி திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெஃப் பாயின்டெக்ஸ்டராக ஃபெட்சிட். அரசு வக்கீல் முழங்குகிறார், குற்றவாளிக் கூண்டுக்காரன் தூங்கி வழிகிறான். மெல்ல எழுப்பிக் கேட்டால், பேச்சு எப்படியோ மீன்பிடிக்கப் போய்விடுகிறது. எந்த இரைக்கு எந்த மீன் மாட்டும் என்பதில் நீதிபதிக்கே ஆர்வம் வந்துவிடுகிறது. அடுத்த காட்சியில் இரண்டு பேரும் தூண்டிலோடு நடந்து போகிறார்கள். வழக்கு அம்போ.

அந்த நடையைக் கவனியுங்கள். தோள் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், ஆனால் ஒரு தாளம் தப்பாது. ரோஜர்ஸ் அப்போது அமெரிக்காவின் பெரிய நட்சத்திரம். அவருக்குச் சரியாக நேரம் பார்த்து இடைவெளி விட்டுப் பேசுகிறார் இவர். இந்த அளவு உடம்பை ஆள ஒரு சோம்பேறியால் முடியாது. இருவரும் சேர்ந்து பல படங்கள் செய்ததற்குக் காரணம் உண்டு.

வெண்ணிலா:
நடிப்புத் திறமையை நான் மறுக்கவே இல்லை, தாமோதரன் சார். திறமை இருந்ததால்தான் சேதமும் பெரிது.

அதே படத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. ஜெஃப் என்ன பாட்டு வாசிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வென்ற வடக்குப் படையின் பாட்டு ஒன்றைச் சொல்கிறான். தோற்ற தெற்குப் படையில் போரிட்டவரான நீதிபதி, உன்னை ஒருமுறை கும்பல் தூக்கிலிருந்து காப்பாற்றினேன், அந்தப் பாட்டை வாசித்தால் அடுத்த கும்பலில் நானே சேர்ந்துகொள்வேன் என்கிற மாதிரிப் பதில் சொல்கிறார். தியேட்டரில் சிரிப்பு. ஜெஃப்பைக் கும்பல் தூக்கிலிட வருவதும் நீதிபதி அதைத் தடுத்துப் பேசுவதுமாக ஒரு காட்சியை ஃபோர்டு எடுத்திருந்தார். ஸ்டுடியோ அதை வெட்டியது. உண்மையான பயம் வெட்டப்பட்டது, அதைப் பற்றிய ஜோக் தங்கியது. கறுப்பினத்தவர்களைக் கும்பல் நிஜமாகவே மரத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. இதைப் பார்த்துவிட்டு எந்தத் தந்திரக்காரன் வென்றான் என்று சொல்லுங்கள்.

இளங்கீரன்:
நீங்கள் சொன்னதே எனக்குச் சாதகம். வெட்டியது யார்? ஸ்டுடியோ. பெரி அந்தக் காட்சியிலும் நடித்துக் கொடுத்தவர்தானே. கத்தரிக்கோல் அவர் கையில் இல்லை. வசனம் எழுதியவர், இயக்கியவர், காசு போட்டவர், வெளியிட்டவர் எல்லாரும் வெள்ளையர்கள். அவர்கள் பெயருக்கு அருகில் யாரும் "இனத்துரோகி" என்று எழுதுவதில்லை. ஃபோர்டு மேதை, ரோஜர்ஸ் தேசத்தின் செல்லம், பெரி மட்டும் அவமானச் சின்னம். இந்தக் கணக்குதான் என்னை உறுத்துகிறது.

நஸ்ரின்:
நடுவில் வருகிறேன். பழியை ஸ்டுடியோவுக்கும் பெரிக்கும் மட்டும் பங்கிடுவதால் மூன்றாவது ஆள் விடுபட்டுப் போகிறார். 'ஹார்ட்ஸ் இன் டிக்ஸி'யில் உண்மையான நாயகன் கிளாரன்ஸ் மியூஸ். நாப்பஸ் என்கிற கிழவர் வேடம். காய்ச்சலில் மகளைப் பறிகொடுத்துவிட்டு, மந்திரவாதமே வேண்டாம் என்று பேரனைப் படிக்கவைத்து டாக்டராக்க வடக்கே அனுப்புகிறவர். அதே கூரையின் கீழ் அந்த மகளின் கணவனாகப் பெரி. வேலைக்கு உடம்பு வராது, ஆட்டம் என்றால் கால் தானாக எழும். பேசப்பட்டது எது? பேரனை அனுப்பிய கிழவரை விட, ஆடிய மருமகன்தான்.

இந்த மியூஸ்தான் 1934ல் கறுப்பின நடிகனின் இக்கட்டைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். வெள்ளை ரசிகர்களுக்குக் கோமாளித்தனமும் பாட்டும் வேண்டும், தன் சொந்த மக்களுக்குத் தங்கள் வாழ்க்கையின் நிஜம் வேண்டும், நடுவில் நடிகன் மாட்டிக்கொள்கிறான் என்பது அதன் சாரம். இன்று நாம் இங்கே அடித்துக்கொள்வதை அதே தொழிலில் இருந்தவர் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே "அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது" என்ற சமாதானம் செல்லாது.

இளங்கீரன்:
தெரியாது என்று நான் சொல்லவில்லை, நஸ்ரின். பெரிக்கும் நன்றாகத் தெரியும். 1920களின் கடைசியில் அவர் 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையில் சொந்தப் பெயரில் பத்தி எழுதினார். நாட்டின் முக்கியமான கறுப்பினப் பத்திரிகை அது. திரையில் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவனாக வந்தவர், காகிதத்தில் தெளிவாக எழுதினார். தனக்குப் பிடிக்காத வசனத்தை மாற்ற முடியாதபோது வேண்டுமென்றே முணுமுணுத்து விழுங்கிவிடுவார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் புரியாத முனகலைப் பலர் சோம்பலின் அடையாளம் என்று பார்க்கிறோம். நான் அதை அவர் கையில் இருந்த ஒரே கத்தரிக்கோலாகப் பார்க்கிறேன்.

கதிர்வேல்:
சம்பாதித்தார், செலவழித்தார், 1947ல் திவாலானார். அவரை வைத்துச் சம்பாதித்த ஸ்டுடியோ திவாலாகவில்லை. இதையும் கணக்கில் சேருங்கள்.

வெண்ணிலா:
முனகல் வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பாருங்கள். வில்லி பெஸ்ட் என்று ஒரு நல்ல நடிகர். அவரை ஆரம்பப் படங்களில் "தூங்கு, சாப்பிடு" என்று பொருள்படும் பெயரில் அறிமுகம் செய்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் கூடத் திரையில் இல்லை. ஃபெட்சிட் வியாபாரம் ஆனதால்தான் அந்த அச்சில் இன்னொருவரை வார்த்தார்கள். நடிகர் தனக்காக ஒரு தந்திரம் செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டுடியோ அதை அச்சாக்கி அடுத்தவன் மேல் அழுத்தியபோது அந்தத் தந்திரம் எங்கே போனது?

1942ல், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் வால்டர் ஒயிட் ஹாலிவுட்டுக்கே போய், இந்த வேடங்களை மாற்றுங்கள் என்று ஸ்டுடியோ முதலாளிகளிடம் பேசினார். வேலைக்காரி, எடுபிடி வேடங்களில் பிழைத்துக்கொண்டிருந்த நடிகர்கள் பலருக்கு அதில் கோபம். அவர்களுடைய பிழைப்புப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒயிட் கேட்டது சரி.

தாமோதரன்:
எனக்கு மனம் கனப்பது பிந்தைய காலத்தை நினைத்தால்தான். 1968ல் சிபிஎஸ் தொலைக்காட்சி கறுப்பின வரலாறு பற்றி ஒரு ஆவணப்படம் ஒளிபரப்பியது. விவரணை கறுப்பின நடிகர் பில் காஸ்பி. ஃபெட்சிட் நடித்த துணுக்குகளைக் காட்டி, இதுதான் அந்தச் சோம்பேறிப் பிம்பம் என்றார்கள். பெரி அப்போது உயிரோடு இருக்கிறார். 1970ல் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1974ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்; பொது மனிதர் என்பதால் அவதூறு நிற்காது என்றது நீதிமன்றம். சிட்னி பாய்ட்டியே போன்ற பிந்தைய கறுப்பின நட்சத்திரங்கள் நடக்க வழி போட்டவனே நான்தான் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மனிதர்தான் 1965ல் மெயின் மாநிலத்து லூயிஸ்டனில் முகமது அலி, சானி லிஸ்டனைச் சாய்த்தபோது அலியின் முகாமில் இருந்தவர். அந்தக் குத்தைப் பழைய கறுப்பினக் குத்துச்சண்டை சாம்பியன் ஜாக் ஜான்சனிடமிருந்து தெரிந்துகொண்டு தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஃபெட்சிட் என்று அலியே சொன்னார். நிமிர்ந்து நின்ற கறுப்பினப் பெருமைக்கு உலக அடையாளமாக இருந்தவர், தலை குனிந்து நடித்ததாக ஏசப்பட்டவரைப் பக்கத்தில் வைத்திருந்தார்.

வெண்ணிலா:
அலி மதித்ததால் அந்தப் படங்கள் மாறிவிடுமா? மனிதரை மதிக்கலாம். வழக்குத் தோற்ற வலியும் எனக்குப் புரிகிறது. என் கேள்வி படங்களைப் பற்றியது.

இளங்கீரன்:
1976ல் என்ஏஏசிபியின் ஹாலிவுட் கிளையே அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. 1978ல் கறுப்பினத் திரைக்கலைஞர்களுக்கான புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். அந்த மக்களே திரும்பிப் பார்த்து ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். நாம் ஏன் முதல் தீர்ப்பையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

நஸ்ரின்:
அந்த விருது அவர் போட்ட வேடத்துக்கு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனையையும் தாங்கிக்கொண்டு நின்றதற்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் கலக்க வேண்டாம்.

வெண்ணிலா:
நஸ்ரின் சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். இன்னொன்றும் சொல்கிறேன். 1953ல் ஃபோர்டு அதே நீதிபதி கதையை 'தி சன் ஷைன்ஸ் பிரைட்' என்று மறுபடி எடுத்தார். வெட்டுப்பட்ட கும்பல் காட்சியை இந்த முறை படத்தில் வைத்தார். ஆனால் கும்பல் தேடி வருவது வேறொரு கறுப்பின இளைஞனை. ஃபெட்சிட் அதே ஜெஃப், அதே எடுபிடி, 50 வயதில். 19 வருஷத்தில் இயக்குநருக்குத் தைரியம் வந்தது; நடிகருக்குக் கொடுத்த வேடத்தில் ஒரு அங்குலம் கூட மாறவில்லை.

இளங்கீரன்:
அந்தக் கடைசி வாக்கியத்தில் பெரி மேல் குற்றம் எங்கே இருக்கிறது, வெண்ணிலா? வேடத்தைக் கொடுத்தவர் மேல்தானே இருக்கிறது.

வெண்ணிலா:
கொடுத்தவர் மேல்தான் முதல் குற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக அந்த வேடத்தை "தந்திரக்காரனின் வெற்றி" என்று நான் பாராட்ட மாட்டேன். நீங்கள் இரண்டாவதை விட்டால் முதலாவதில் நாம் ஒரே பக்கம்.

இளங்கீரன்:
விட மாட்டேன். அந்த மீன்பிடிக்கிற காட்சியை மறுபடி பாருங்கள், நீதிமன்றத்தில் கடைசியில் யார் யாரை எழுப்பி நடத்திக்கொண்டு போகிறார் என்று.